தலைவலி மாத்திரைக்கும் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒற்றைத் தலைவலிக்குக் கைவைத்தியமே போதும், மாத்திரை உடலைக் கெடுத்துவிடும் என்று தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையையும், கைவைத்தியம் முழுவதும் மூடநம்பிக்கை என்று அதற்கு மறுப்பாக வந்த வாசகர் கடிதத்தையும் படித்தேன். 19 வயதிலிருந்து 42 ஆண்டுகளாக இந்த நோயோடு வாழ்கிறவள், கோத்தகிரி வட்டாரத்தில் 30 ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில், இருவருமே தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் மலையில் நான் அறிந்த வீடுகளில் போட்டி சுக்குப் பற்றுக்கும் மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்கும் இடையே நடக்கவில்லை. பற்றுக்கும், யாரும் எழுதித் தராமல் கடையில் அட்டை அட்டையாக வாங்கி விழுங்கும் மாத்திரைக்கும் இடையேதான் நடக்கிறது. அப்படி விழுங்குவதும் கைவைத்தியமே. இரண்டில் அதுவே அபாயமான கைவைத்தியம்.

என் தாயார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இந்த வலி அவருக்கும் இருந்தது. குடும்பவழியாக வருவது இந்நோயின் இயல்பு. வலி வந்த நாளில் சுக்கை வெந்நீர் விட்டு இழைத்து நெற்றிப் பொட்டில் தடவிக்கொண்டு, பழைய சேலைத் துணியால் தலையை இறுகக் கட்டி, சன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு இருட்டாக்கிய அறையில் சுருண்டு படுத்திருப்பார். பாத்திரம் உருளும் ஓசை கேட்டாலும் முகம் சுளிப்பார். எங்கள் வீட்டில் அதற்கு 'நீர்க்கோர்வை' என்று பெயர். மூடுபனியும் சாரலும் ஆண்டில் பாதி நாள் சூழ்ந்திருக்கிற ஊரில் எந்தத் தலைவலியையும் குளிரின் மேல் போட்டுவிடுவது எளிது. ஒற்றைத் தலைவலியின்போது சிலருக்கு மூக்கு அடைத்துக் கண்ணில் நீர் வடிவதும் உண்டு என்பதால் இந்தத் தவறான பெயர் இன்னும் வலுப்பட்டுவிடுகிறது. 'சைனஸ்' என்று சொல்லிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆவி பிடித்து வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது ஒற்றைத் தலைவலி. பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில் விண்விண்ணென்று தெறிப்பது, நடந்தாலும் படியேறினாலும் கூடுவது, குமட்டுவது, வெளிச்சமும் ஓசையும் தாங்காமல் போவது, மருந்தில்லாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். தலையில் நீர் எதுவும் கோத்துக்கொள்வதில்லை. முகத்திலிருந்தும் மூளையின் உறையிலிருந்தும் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு செல்லும் முக்கிளை நரம்பு தூண்டப்பட்டு, அதன் முனைகளில் சுரக்கும் வேதிப்பொருள்கள் வலியைக் கிளப்புகின்றன.

இதனால் என் தாயாரின் வைத்தியம் வீண் என்று சொல்ல மாட்டேன். இருட்டும் அமைதியும் உறக்கமும் இன்றைக்கும் மருத்துவர்கள் பரிந்துரைப்பவையே. இஞ்சியைப் பற்றியும் சிறிது ஆய்வு நடந்திருக்கிறது. ஈரானில் 100 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், வலி தொடங்கியதும் உட்கொண்ட இஞ்சித்தூள், ஒற்றைத் தலைவலிக்கு மருத்துவர்கள் தரும் சுமாட்ரிப்டான் என்ற மாத்திரையின் அளவுக்கு வலியைக் குறைத்ததாகக் கண்டார்கள். ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு அதில் ஒப்பிடவில்லை; சோதிக்கப்பட்டது உட்கொண்ட இஞ்சி, நெற்றியில் பூசிய சுக்கு அன்று. இந்த அளவுக்குள் நின்று இஞ்சியைப் புகழ்வதில் எனக்கு மறுப்பில்லை.

எங்கள் மாவட்டத்துக்கே பெயர் வாங்கித் தந்த தைலங்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஊட்டிக்கு வருகிறவர்கள் ஒரு புட்டி நீலகிரித் தைலமும் ஒரு புட்டி விண்டர்கிரீன் எண்ணெயும் வாங்காமல் திரும்புவதில்லை. நெற்றியில் சிறிது தேய்த்தால் குளிர்ச்சியாக, இதமாக இருக்கும். ஒற்றைத் தலைவலி உள்ள சிலருக்கு அந்த நெடியே வலியைக் கிளப்பிவிடும், நான் அந்தச் சிலரில் ஒருத்தி. இரண்டு சொட்டு வெந்நீரில் விட்டுக் குடித்தால் தலைவலி பறந்துவிடும் என்று சொல்கிறவர்களைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தைல மரத்து எண்ணெயான நீலகிரித் தைலம் உள்ளே போனால் குழந்தைகளுக்கு வலிப்பே வரலாம். விண்டர்கிரீன் எண்ணெய் ஏறக்குறைய முழுவதும் மீதைல் சாலிசிலேட். ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவான பொருள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 20 ஆஸ்பிரின் மாத்திரைக்குக் குறையாத நஞ்சு. சிறு குழந்தையின் உயிரைப் பறிக்க அது போதும். இவற்றைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்று எந்த வீட்டிலும் யாரும் நினைப்பதில்லை, ஏனென்றால் அது 'நம்ம ஊர்த் தைலம்'.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். ஆசிரியப் பணியில் சேர்ந்தபின் இருட்டறையில் படுத்திருக்க எனக்கு நேரமில்லை. உடன் பணியாற்றிய ஒருவர் ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னார். ஒரு மருந்துக்கடையில் கேட்டதும் கொடுத்தார்கள். எர்கோட்டமைனும் காஃபீனும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை அது. மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்று அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்ததை நானும் படிக்கவில்லை, விற்றவரும் பொருட்படுத்தவில்லை. முதலில் மாதம் மூன்று, பிறகு வாரம் மூன்று. ஆறாம் ஆண்டில் காலையில் எழுந்ததுமே தலை கனக்கும், ஒன்று விழுங்கினால்தான் பள்ளிக்குப் போக முடியும் என்ற நிலை. அந்தக் குளிர்காலத்தில் என் விரல் நுனிகள் வெளுத்துச் சில்லிட்டு மரத்துப்போயின. சனவரி மாதக் கோத்தகிரியில் யாருக்குத்தான் விரல் சில்லிடாது? கம்பளிக் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டேன். மார்ச் மாத வெயிலிலும் மரப்பு விடாதபோதுதான் குன்னூரில் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். அவர் என் கைநாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "மாதத்துக்கு எத்தனை நாள் மாத்திரை போடுறீங்கம்மா?" என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. மாணவிகளின் வருகையை நாள் தவறாமல் பதிவேட்டில் குறித்து வந்த எனக்கு, நான் விழுங்கியவற்றின் கணக்குத் தெரியவில்லை. மறுமாதம் குறித்துப் பார்த்தபோது 22 நாள்கள் வந்தது.

எர்கோட்டமைன் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அளவு மிஞ்சினால் கை கால் விரல்களுக்கு இரத்தம் போவதே குறைந்துவிடும். இயற்கையிலிருந்து வந்தது தீங்கு செய்யாது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தாரே, இந்த எர்கோட்டமைன் இயற்கையிலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவில் விளையும் ரை போன்ற புல்லினத் தானியங்களின் கதிரில் படரும் ஒரு பூஞ்சையிலிருந்து 1918-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அந்தப் பூஞ்சை கலந்த மாவை உண்டு இடைக்கால ஐரோப்பாவில் எண்ணற்றோர் கை கால் கருகி மாண்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், 1860-களில் எங்கள் நடுவட்டத்திலும் தொட்டபெட்டாவிலும் பயிரான சின்கோனா மரப்பட்டையும் இயற்கைதான். அதன் குவினைன் அளந்து கொடுக்கப்பட்டதால் மலேரியாவுக்கு மருந்தாயிற்று. இலையா, பட்டையா, ஆலையில் செய்த மாத்திரையா என்பது இங்கே பொருட்டல்ல. எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு என்பவையே பொருட்டு.

தலைவலிக்காக விழுங்கும் மருந்தே தலைவலியை நாள்தோறும் வரவழைக்கும் என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். பாராசிட்டமால் போன்ற தனி வலிநிவாரணிகளை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, எர்கோட்டமைன், சுமாட்ரிப்டான் போன்ற ட்ரிப்டான் வகை மருந்து, காஃபீன் கலந்த கூட்டு மாத்திரை ஆகியவற்றை 10 நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் இந்த நிலை வரக்கூடும் என்பது மருத்துவர்கள் ஏற்ற கணக்கு. அந்த மாத்திரையை மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்தினேன். முதல் பத்து நாள்கள் பட்ட பாட்டை எழுதக் கை நடுங்குகிறது. அதன்பின் இரண்டு மாதங்களில் வலி வரும் நாள்கள் மாதத்துக்கு ஆறாகக் குறைந்தன.

மருந்தை எப்போது விழுங்குவது என்பதையும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒற்றைத் தலைவலி முற்றும்போது இரைப்பையின் இயக்கமே மந்தமாகிவிடுகிறது. உள்ளே போன மாத்திரை குடலுக்கு இறங்காமல் தங்கிவிடுகிறது. முதலில் பற்றுப் போட்டுப் பார்ப்போம், பிறகு ஆவி பிடிப்போம், அதற்கும் கேட்காவிட்டால் மாத்திரை என்று நான்கு மணி நேரம் கழித்து விழுங்கிவிட்டு, "மாத்திரையும் கேட்கவில்லை" என்று இன்னொன்றை விழுங்குகிறவர்கள் எத்தனையோ பேர். தொடக்கத்திலேயே, போதிய அளவில், தேவைப்பட்டால் குமட்டலுக்கான மருந்தோடு எடுத்தால் ஒன்றே போதுமானதாக இருக்கும். பற்றுப் போடுகிறவர்கள் மாத்திரையை விழுங்கிவிட்டே பற்றுப் போடலாம், இரண்டுக்கும் பகையில்லை.

அதே சமயம், சீட்டோடு வரும் மருந்தும் எல்லாருக்கும் ஒன்றாகப் பொருந்தாது. சுமாட்ரிப்டான் இதய நோயும் பக்கவாதமும் உள்ளவர்களுக்கு ஆகாது. அடிக்கடி வலி வருகிறவர்களுக்கு அதைத் தடுக்க நாள்தோறும் கொடுக்கும் புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. இழுப்பு நோய்க்குப் பஞ்சமில்லாத எங்கள் மலையில் இதைக் கேட்காமல் கொடுப்பது கொடுமை. எனக்கும் இழுப்பு உண்டு என்பதால் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். வலியைத் தடுக்கத் தரும் இன்னொரு மருந்தான சோடியம் வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பதால் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்குத் தரக் கூடாது. இத்தனையையும் கேட்டறிந்து முடிவு செய்ய ஒரு மருத்துவர் வேண்டுமே தவிர, பக்கத்து வீட்டாரின் அனுபவம் போதாது.

இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. மாதவிலக்கையொட்டி வலி வருகிறவர்களும் பலர். காலையில் ஒரு தேநீரோடு கொழுந்துக்குப் போய், நண்பகல் வரை வெறும் வயிற்றோடு வெயிலிலும் சாரலிலும் மாறிமாறி நிற்கும் பெண்களுக்கு உணவு தவறுவதே வலியைத் தூண்டப் போதுமானது. அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு வெள்ளை மாத்திரை. என் வகுப்பில் மேட்டுப்பாளையம் பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுக்கும் சிறுமிகளில் சிலர், பத்தாம் வகுப்பு வரும்போது தலையைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். பயணக் குமட்டலுக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு என்பதை அப்போதே அறிந்திருந்தால், 'படிக்கச் சோம்பல்' என்று அவர்களைக் கடிந்திருக்க மாட்டேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

பற்றுக்கும் மாத்திரைக்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய தலைவலிகளும் உண்டு. இதுவரை அறியாத கடுமையோடு நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, கை கால் ஒரு பக்கம் சோர்வதோ பேச்சுக் குழறுவதோ சேர்ந்த வலி, தலையில் அடிபட்டபின் கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவை அப்படிப்பட்டவை. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியையும் மருத்துவரிடம் காட்டாமல் விடக் கூடாது. வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரியும் வகையினர் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கலாகாது என்பதையும் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். அது பக்கவாதத்துக்கு வழிவிடும்.

அரசிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் ஊழியர்கள் வீடு தேடி வருகிறார்கள். எங்கள் மலையின் தோட்டக் குடியிருப்புகளுக்கு வரும்போது, "மாதத்துக்கு எத்தனை நாள் தலைவலி மாத்திரை போடுறீங்க?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கச் சொல்ல வேண்டும். பத்து நாள் என்று சொல்கிறவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் போதும். நரம்பியல் மருத்துவரைத் தேடிக் கோவைக்கு இறங்க வேண்டிய தேவை அவர்களில் பெரும்பாலோருக்கு வராது.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். எங்கள் பக்கத்தில் பால் கணக்கை மாதக் காலண்டரில்தான் எழுதுவோம். நானும் அதிலேயே, பால் கணக்குக்குக் கீழே, வலி வந்த நாளில் ஒரு சுழியும் மாத்திரை எடுத்த நாளில் ஒரு குறுக்குக் கோடும் போட்டு வருகிறேன். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் கிழித்து எடுத்துப் போவேன். நான் அரை மணி நேரம் சொல்வதைவிட அந்தத் தாள் அவருக்கு அதிகம் சொல்கிறது. நலவாழ்வுப் பக்கத்தில் அடுத்த முறை ஒற்றைத் தலைவலியைப் பற்றி எழுதும்போது, இந்தக் குறிக்கும் முறையையும் மேலே சொன்ன 10 நாள், 15 நாள் கணக்கையும் பெரிய எழுத்தில் வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.