காளானைத் தின்றவர் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மனச்சோர்வுக்குப் போதைக் காளான் மருந்தாகிறது என்று கடந்த ஞாயிறு நீங்கள் வெளியிட்ட செய்தியைக் கொடைக்கானலில் இருந்து படித்தேன். இந்த ஊரில் அது வெறும் செய்தியாக நிற்காது. வார இறுதிக்குள் வியாபாரமாகிவிடும்.

மனநல வார்டில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். இப்போது மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் இருவர் வந்து தங்கினார்கள். ஒருவன் வந்ததும் பையை மூலையில் எறிந்துவிட்டு, என் பூந்தொட்டிகளைச் சுற்றிவந்து ஒவ்வொரு செடியின் பெயரையும் கேட்டான். மற்றவன் கதவின் தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுப் பார்த்தான். ஊர் திரும்பும் பஸ் டிக்கெட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து எடுத்துச் சரிபார்த்தான்.

அன்றிரவு எனக்குத் தெரியாமல், யாரிடமோ வாங்கிய காளானை ஆம்லெட்டில் போட்டு இருவரும் பங்கிட்டுத் தின்றிருக்கிறார்கள். முதலாமவன் மொட்டைமாடியில் மல்லாந்து பனிமூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டாமவனோ கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு, பனி உள்ளே வருகிறது, கதவைச் சாத்துங்கள் என்று அலறினான். அவன் கையைப் பிடித்தபடி இரண்டு மணி வரை தரையில் உட்கார்ந்திருந்தேன். வார்டுப் பழக்கம்.

ஒரே ஆம்லெட்தான், தின்ற மனங்கள்தான் வேறு. (பங்கு கூடக்குறைய இருந்திருக்கலாம், தராசில் வைத்தா வெட்டியிருப்பார்கள்?)

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் 36 பேர் பங்கேற்றனர். எல்லாரும் ஏற்கெனவே ஆன்மிக ஈடுபாடு உள்ளவர்கள். முன்கூட்டியே பலமுறை பேசித் தயார்செய்து, பக்கத்தில் ஆளை உட்காரவைத்தே, போதைக் காளானில் இருக்கும் சைலோசைபின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தார்கள். அப்படியும் 11 பேருக்குக் கடும் பயம் வந்தது. புதியவற்றுக்கு மனம் திறக்கும் குணம் கூடுவதாக அதே பல்கலைக்கழகத்தார் 2011இல் சொன்னதும், ஆழ்ந்த ஆன்மிக அனுபவம் வாய்த்தவர்களைப் பற்றித்தான். ஒன்றில் தன்னை மறந்து லயிக்கிற சுபாவக்காரருக்கு நல்ல அனுபவம் வாய்ப்பதும், சின்ன விஷயத்துக்கும் பதறுகிறவர் அதிகம் அல்லாடுவதும் மற்ற ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கின்றன.

உங்கள் செய்தியில் காளானைப் பற்றி எட்டுப் பத்தி. தின்றவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. காளானில் உள்ள சைலோசைபின் இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது என்பதும் இல்லை. இதைப் படித்துவிட்டு மலையேறி வரப்போகிறவர்கள் பூச்செடியின் பெயர் கேட்கிறவர்கள் அல்ல. தூக்கமில்லாமல், எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடுகிறவர்கள். அடுத்த முறை, ஆய்வுக்கு யாரைச் சேர்த்தார்கள், குடும்பத்தில் மனச்சிதைவு இருந்ததற்காக யாரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள் என்பதற்கும் நான்கு வரி ஒதுக்குங்கள்.

— ஓய்வுபெற்ற செவிலியர், கொடைக்கானல்