செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை நம் சங்கத்தில் நடந்தவை இவை. பொதுக்குழுவில் வாசித்ததுதான். ஆனால் 22 வீட்டில் அன்றைக்கு வந்தது 7 வீடு. மற்ற 15 வீட்டுக்காகத்தான் திரும்ப எழுதி அனுப்புகிறேன்.

செயற்குழு 5 முறை கூடியது. பதிவுத் துறைக்கான படிவங்களைக் கொடுத்தாயிற்று. குடியரசு தினத்துக்குக் கொடி ஏற்றினோம், கம்பம் இல்லாததால் மாடிக் கைப்பிடியில் கட்டி. சொத்து வரிக்குப் புது எண் 19 வீட்டுக்கு வந்துவிட்டது, மூன்று வீட்டுக்காரர்கள் இன்னும் பத்திர நகல் தரவில்லை.

இனி, வீடு திரும்பிய கதை. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட பில்டரிடம் ஜூன் 2022-இல் பழைய 10 வீட்டுக்காரர்களும் சாவியைக் கொடுத்துவிட்டு மேற்கு மாம்பலத்தை விட்டு ஆளுக்கொரு திசையில் கிளம்பினோம். ஒப்பந்தத்தில் 24 மாதம், ஆனது 30. கட்டி முடித்தும் நிறைவுச் சான்றிதழ் வராமல் கரண்ட் இணைப்பு கிடையாது என்பதால் கடைசியில் சும்மாவே ஓடிய மாதங்கள் சில. ஒருவழியாக டிசம்பரில் சாவி வந்தது, பார்த்தால் மார்கழி. மார்கழியில் யார் பால் காய்ச்சுவார்கள்? ஒருவரும் வரவில்லை. சரி, அது நம் வழக்கம், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சாவி கொடுத்த நாளோடு பில்டர் அதுவரை நம் வெளி வீட்டுக்குத் தந்துவந்த வாடகைப் பணத்தை நிறுத்திவிட்டார், அந்த ஒரு மாத வாடகையை நான் போய் வாங்கித் தர வேண்டும் என்று ஆறு பேர் போன் செய்தார்கள். போனேன். "சார், மார்கழி எங்க அக்ரிமென்ட்ல இல்லையே" என்றார். என்ன பதில் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

தை பிறந்ததும் ஒரே வாரத்தில் எட்டு வீட்டில் பால் பொங்கியது. முதல் மாடி மாமா மட்டும் இல்லை. மேடவாக்கத்து வாடகை வீட்டிலேயே போய்விட்டார். ஒப்பந்தத்தில் முதல் கையெழுத்து அவருடையது.

கடைசிக் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய சட்டப்படி அத்தனை பேரும் சம்மதித்தால்தான் இடிக்க முடியும் என்பதால் ஒரே ஒரு கையெழுத்துக்காக 14 மாதம் அலைந்தேன். புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022-இல் நிறைவேறி 2024-இல் அமலுக்கு வந்தது, அதில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சரி என்றால் போதும். நம் நேரம் அப்படி. கரண்ட்டிலும் இதே கதைதான். 10 வீட்டுக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத சின்னக் குடியிருப்புகளுக்குப் பொது மீட்டர் கட்டணத்தை யூனிட் 8 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைத்தது 2023-இல். நம் பழைய கட்டடத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அப்போது நம் இடத்தில் இருந்தது வெறும் பள்ளம். இப்போது லிஃப்ட்டும் இருக்கிறது, 22 வீடும் இருக்கிறது, முழுக் கட்டணம்.

அடுத்து கிணறு. இதில் என் மேல் வருத்தம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். பின்பக்க உறைகிணறு 1984-இல் கட்டிய நம் பழைய ஃபிளாட்டுக்கும் முந்தியது. பில்டரின் வரைபடத்தில் அது 9-ஆம் எண் கார் நிறுத்தம். மூடிவிட்டு மழைநீருக்கு மூலையில் ஒரு குழி போட்டால் அனுமதிக்குப் போதும் என்றார்கள். மழைநீர் சேகரிப்பு 2003-இலிருந்து கட்டாயம், ஆனால் காகிதத்துக்குக் குழி போடுவது வேறு, தண்ணீர் இறங்குவது வேறு. 2019 கோடையில் பூண்டி, செங்குன்றம், சோழவரம், செம்பரம்பாக்கம் எல்லாம் வற்றி, லாரிக்குப் பதிவு செய்து வாரக்கணக்கில் காத்திருந்தோமே, நம் போர்வெல் காற்றைக் கக்கியபோதும் அந்தக் கிணற்றில் இரண்டு குடம் தேறியது. அதை எப்படி மூட விடுவது? நான்கு முறை சண்டை போட்டேன். மொட்டை மாடித் தண்ணீர் மொத்தமும் கூழாங்கல், கரி, மணல் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்குப் போகிறது.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை. வீட்டுச் சாவி இன்னும் வரவில்லை, ஆனால் குழாய் இணைத்தாயிற்று. மறுநாள் காலை குடையோடு போய் அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினேன். மழைக்கு முன் 19-ஆவது முடிச்சில் நனைந்த கயிறு அன்றைக்கு 11-இலேயே நனைந்தது. வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன், "ஆமாங்க சார்" என்றார், அவ்வளவுதான். மார்ச் முடிவில் 14. நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன், யாரும் பார்க்கலாம். ஒரு கார் இடம் போனது உண்மைதான். அதற்காக லிஃப்ட் கண்ணாடியில் "கிணற்று மாமா ஒழிக" என்று எழுதியது எந்த வீட்டுப் பிள்ளை என்பதும் எனக்குத் தெரியும்.

பராமரிப்புத் தொகை. சதுர அடிக்கு 3 ரூபாய் என்று தீர்மானம் போட்டோம். ஜனவரி முதல் மூன்று மாதமும் ஒழுங்காகக் கட்டியது 11 வீடு. பழைய உறுப்பினர்கள் சிலர், "நிலம் எங்களுடையது, நாங்கள் ஏன் புதுசாக வந்தவர்கள் அளவுக்குக் கட்ட வேண்டும்?" என்கிறார்கள். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 10 பேர் பங்கு போட்டிருந்த மனை இன்றைக்கு 22 பேருடையது, பிரிக்கப்படாத பாகத்தில் பாதியைக் கொடுத்துத்தான் இந்தப் புது வீட்டை வாங்கினோம். புதியவர்களோ, "எல்லாம் பழைய ஆட்களே முடிவு செய்கிறீர்கள்" என்கிறார்கள். கூட்டத்துக்கு வராதவரைக் கேட்டு எப்படி முடிவு செய்வது? வெளிநாட்டில் இருப்பதால், வீடு பூட்டியிருப்பதால் கட்ட மாட்டோம் என்ற இரண்டு வீட்டுக்கு ஒன்றே ஒன்று: லிஃப்ட் உங்கள் மாடியைத் தாண்டித்தான் மேலே போகிறது.

கணக்கு: பில்டர் கொடுத்த வைப்புத் தொகை வங்கியில் அப்படியே இருக்கிறது, தொடவில்லை. வரவை விடச் செலவு கொஞ்சம் கூட, அந்தக் கொஞ்சத்தை இப்போதைக்கு நான் போட்டிருக்கிறேன். விவரம் பொருளாளரிடம், அவர் ஊரிலிருந்து வந்ததும் ஒட்டுவார்.

தலைவருக்கும், செயற்குழுவுக்கும், வாட்ச்மேன், துப்புரவு அம்மா இருவருக்கும், முதல் நாள் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்த மூன்றாம் மாடி அக்காவுக்கும் நன்றி.

வரும் ஆண்டு: மொட்டை மாடித் தண்ணீர்க் கசிவை ஒப்பந்தக் காலத்துக்குள் பில்டரைக் கொண்டு சரி செய்ய வேண்டும், ஜூனுக்குள் வடிகட்டி மணலை மாற்ற வேண்டும். இதையெல்லாம் நானே செய்ய வேண்டும் என்றில்லை. முழங்கால் வலி, வயதும் ஆகிறது, இளையவர் யாராவது முன்வந்தால் கயிறு, நோட்டு, கிணற்று மூடியின் சாவி மூன்றையும் மகிழ்ச்சியாகக் கொடுத்துவிடுவேன். யாரும் வராவிட்டால் வேறு வழியில்லை, பார்க்கலாம். பொதுக்குழு அன்று போதிய எண்ணிக்கையில் ஆள் இல்லாததால் தேர்தலைத் தள்ளிவைத்தோம். அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்குக் கீழே கார் நிறுத்தத்தில் கூடுகிறோம். குறைந்தது 8 வீடு வேண்டும். பாக்கி வைத்திருப்பவர்களும் தாராளமாக வரலாம், அன்றைக்குக் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்