பேறுகாலச் செவிலியருக்குத் தனிப் பணியிடம் வேண்டும்

ஐயா,

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நிகழ்வது பெருமைக்குரியது. ஆனால், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மாநிலத்துப் பிறப்புகளில் 44.9 விழுக்காடு அறுவை சிகிச்சை என்பதை அதே பெருமையோடு சொல்ல இயலவில்லை. சிக்கலற்ற பிரசவத்தைத் தனிப்பயிற்சி பெற்ற செவிலியரே முன்னின்று பார்க்கும் பிரிவுகளை அமைக்க, 18 மாதப் பயிற்சியுடன் மத்திய அரசு 2018-இல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. என் மகளுக்கு வலியெடுத்த இரவு முழுவதும், நடக்கவிட்டு, இடுப்பைத் தடவிக்கொடுத்துப் பொறுமையாக உடனிருந்தவர் ஒரு செவிலியரே; மருத்துவர் வந்தது கடைசி அரைமணியில் (அதைக் குறையாகச் சொல்லவில்லை). உசிலம்பட்டி, மேலூர் போன்ற வட்டத் தலைநகர்களின் அரசு மருத்துவமனைகளில் இத்தகையோருக்குத் தனிப் பணியிடமும் உரிய ஊதியமும் முடிவெடுக்கும் அதிகாரமும் வழங்கி, பிற வார்டுகளுக்கு அவர்களை மாற்றாதிருக்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருமங்கலம்.