பதப்படுத்திய தரவு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வளிமண்டலத் தரவைத் தனியார் செயற்கைக்கோள்களிடம் அரசுகள் விலைக்கு வாங்குவதை வரவேற்கும் தங்கள் தலையங்கம் கண்டேன். வரவேற்கிறேன், ஆனால் எதை வாங்குகிறோம் என்பதே முக்கியம். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, 2020 இறுதியில் ஸ்பயர், ஜியோஆப்டிக்ஸ் என்னும் தனியார் செயற்கைக்கோள் நிறுவனங்களுடன் செய்த ஒப்பந்தங்கள் ரேடியோ மறைப்புத் தரவுக்கானவை. இம்முறையில், ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள்களின் சமிக்ஞை பூமியின் விளிம்பை ஒட்டிய வளிமண்டலத்தைக் கடக்கும்போது எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து வெப்பநிலையும் ஈரப்பதமும் கணக்கிடப்படுகின்றன. அடிப்படையில் சமிக்ஞை வந்துசேரும் நேரத்தையே அளப்பதால் கருவி தேய்ந்து அளவு பிசகும் தொல்லை மிகக் குறைவு. கோவிட் காலத்தில் விமானங்கள் குறைந்து, அவை தரும் வானிலை அளவீடுகள் சரிந்தபோது ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்துக்கு இவ்வகைத் தனியார் தரவு கைகொடுத்தது.

சிக்கல் தரைக்கு அருகே, கடைசி 2 கிலோமீட்டரில். வெப்பமண்டல ஈரக்காற்றில் சமிக்ஞை சிதறும். தனியார் செயற்கைக்கோளின் சிறிய ஆன்டெனா அதைச் சீக்கிரமே தவறவிடும். கிடைப்பதும் உண்மையைவிடக் குறைவான ஈரப்பதத்தைக் காட்டக்கூடும். புயல் கருக்கொள்வதும் அங்கேதான்! நிறுவனம் பதப்படுத்திய முடிவை மட்டும் தந்தால், எங்கே ஏற்ற இறக்கங்களை மென்மையாக்கினார்கள், எதை விலக்கினார்கள் என்பது தெரியாது. மென்பொருள் மாறிய நாளில் பதிவில் அளவுகள் திடீரெனத் தாவி ஒரு படிக்கட்டு விழும். பிற்காலத்தில் அதைக் காலநிலை மாற்றம் என்று தவறாக எண்ண இடமுண்டு. எனவே சமிக்ஞையின் கட்டம் (அலை எந்த நிலையில் உள்ளது என்பது), வீச்சு (அதன் வலிமை), செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை, கடிகாரப் பிழை ஆகிய மூலக் கோப்புகளையும் மறுகணக்கீட்டு உரிமையையும் ஒப்பந்தத்தில் கட்டாயமாக்க வேண்டும். மென்பொருள் மாறும்போது, பழையதையும் புதியதையும் மூன்று மாதமாவது இணையாக ஓட்டித் தரச் சொல்ல வேண்டும்.