நோயாளியின் அருகில் இருப்பவரையும் பரிசோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024-ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டில் இருப்பவர்களைப் பராமரிக்கிறார்கள். அதே வயது ஆண்களில் இது 21.4 விழுக்காடுதான். இதற்காகப் பெண்கள் நாளொன்றுக்குச் சுமார் 140 நிமிடங்களும் ஆண்கள் 74 நிமிடங்களும் செலவிடுகிறார்களாம். ஒரு நாளை அரைமணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டுத் தொகுத்த கணக்கு இது. குளிப்பாட்டியதும் சோறு ஊட்டியதும் அதில் ஏறிவிடும். பக்கவாதத்தில் கிடக்கும் மாமனார் எந்த நேரத்தில் கூப்பிடுவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் இரவு மட்டும் உறக்கம் என்றே பதிவாகும்.

கிராம சுகாதாரச் செவிலியராகப் பல ஆண்டுகள் வீடு வீடாகச் சென்றவள் என்ற முறையில், பெண்களின் உடலை அதிகம் தேய்ப்பது இப்படிக் கணக்கில் வராத பகுதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மறதி நோய் கண்ட மாமியார், தன் சங்கிலியை மருமகள் எடுத்துக்கொண்டாள் என்று தெருவே கேட்கப் பழி சொல்லும்போது முகம் மாறாமல் பதில் சொல்ல வேண்டும். கணவரின் எரிச்சல் நோயாளியின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை போனில் பேசி, "அப்பா ஏன் இப்படி இளைச்சுட்டாரு" என்று விசாரிக்கும் நாத்தனாருக்கும் சமாதானம் சொல்ல வேண்டும். இத்தனையையும் சுமப்பவரிடம் உங்களுக்கு உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், அவங்களப் பாருங்க" என்பார். வற்புறுத்தி உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தால், பல நேரம் நோயாளியைவிட அவருக்கே அதிகமாக இருக்கும். கழுத்து வலி, படபடப்பு, எப்போதும் அசதி என்று மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி நாளைக் கடத்தியிருப்பார்.

இது வெறும் மனக்குறை அன்று. அழுத்தம் ஏற்படும்போது சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்டிசோலைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. நெருக்கடி தீர்ந்ததும் இவை தணிய வேண்டும். ஆண்டுக்கணக்கில் தணியாதபோது உறக்கம் கெடுகிறது, ரத்த அழுத்தம் உயர்ந்தே நிற்கிறது, நோய் எதிர்ப்புத் திறன் குலைகிறது. நம் வீடுகளில் மாமியார், மாமனார் படுக்கையில் விழும் காலம் பெரும்பாலும் மருமகளுக்கு மாதவிடாய் நிற்கும் காலமாகவும் இருப்பதால், ஏற்கெனவே இதய நோய்க்கான வாய்ப்பு கூடத் தொடங்கும் வயதில் இந்தச் சுமையும் சேர்ந்துகொள்கிறது.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று என் நினைவில் தங்கிவிட்டது. மறதி நோயுள்ள உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களுக்கும், வயதிலும் குடும்ப வருமானத்திலும் அவர்களை ஒத்த, அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவிலான சிறு காயத்தை ஏற்படுத்தி, அது ஆறும்வரை கவனித்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39.3 நாட்களில் ஆறிய காயம், பராமரிப்பாளர்களுக்கு ஆற 48.7 நாட்கள் ஆயிற்று. மிகச் சிறிய ஆய்வுதான். ஆனாலும் மனச்சுமை தோல் வரைக்கும் எட்டுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சான்றை நான் படித்ததில்லை.

இப்படிப்பட்ட பெண்ணைத் தியாகி என்று உறவினர் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. அண்ணி இருக்கும்போது நமக்கென்ன கவலை என்பதன் மரியாதையான வடிவம்தான் அந்தப் புகழ்ச்சி. வாரத்தில் இரண்டு இரவுகள் மகன் தன் தந்தையின் கட்டிலருகே படுத்தால் அந்தப் பெண்ணின் ரத்த அழுத்தத்துக்கு அது ஓரளவு மருந்தாகும்.

அரசு செய்யக்கூடியதும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தக் கருவியோடும் சர்க்கரை பார்க்கும் கருவியோடும் நோயாளியின் வீட்டுக்கே வருகிறார்கள். படுத்த படுக்கையாக ஒருவர் உள்ள வீட்டில், அவரைப் பார்த்துக்கொள்பவர் யார், அவருக்கு உறக்கம் எப்படி, தன் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்ற கேள்விகளும், அவருக்கான பரிசோதனையும் அதே வருகையில் கட்டாயமாக்கப்பட வேண்டும். மனம் தளர்ந்திருப்பவருக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல ஆலோசனைத் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதற்குச் செலவே இல்லை.

செலவு பிடிப்பது அடுத்த கோரிக்கை. நோயாளியைச் சில நாட்கள் ஒப்படைத்துவிட்டு இந்தப் பெண் தன் கர்ப்பப்பைச் சிகிச்சைக்கோ, மகளின் பிரசவத்துக்கோ போய்வர, வட்டாரத்துக்கு ஒரு தற்காலிகப் பராமரிப்பு இடம் வேண்டும். மார்பில் கட்டி தெரிந்தும், "நான் ஆஸ்பத்திரியில படுத்துட்டா இவங்கள யாரு பாப்பா" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களை நான் அறிவேன். கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டத்தில், படுக்கையில் இருப்பவரைப் பராமரிப்பவருக்கென்றே மாதம் 600 ரூபாய் உதவித்தொகை வைத்திருக்கிறார்கள். தொகை மிகச் சிறியது, எனினும் பராமரிப்பவரைத் தனியாக ஒரு பயனாளியாக அந்த அரசு அடையாளம் கண்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-உம், அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவது குறித்துப் பேசுகிறது.

இன்னொன்றையும் சுகாதாரத் துறை கவனிக்க வேண்டும். வீடு வீடாக வரும் அந்தத் தன்னார்வலர்களும் பெண்களே. காலையில் தங்கள் வீட்டு முதியவருக்கு வேண்டியதைச் செய்து வைத்துவிட்டு, பிற வீடுகளின் துயரத்தையும் கேட்டுக்கொண்டு நடப்பவர்கள் அவர்களில் பலர். பராமரிப்பாளருக்கான பரிசோதனையை அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.