கொடுக்க ஒண்ணும் இல்லைன்னு சொன்ன அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். வருஷத்துல சில வாரம் பிள்ளைங்க வந்து தங்கற நம்ம சர்ச் கேம்ப்போட பழைய மாணவர் சந்திப்புக்கு கூப்பிட்டதுக்கு, ரெண்டே வரில மெசேஜ் அனுப்பிட்டீங்க, இந்த தடவ குடுக்கற நிலைமைல இல்ல, வெறுங்கையோட வந்து நிக்க கூச்சமா இருக்கு, நீங்கல்லாம் சேந்து நல்லபடியா நடத்துங்கன்னு. படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. போன் பண்ணா "அதெல்லாம் ஒண்ணுமில்ல பாப்பா"ன்னு சொல்லி பேச்ச மாத்திடுவீங்க, அதான் எழுதறேன். எல்லாரும் படிக்கற மாதிரி எழுதறதுக்கு காரணம், இதே கூச்சத்துல வராம இருக்கறது நீங்க மட்டும் இல்ல, நம்ம கேம்ப்ல வளந்தவங்க இன்னும் நாலஞ்சு பேர் லீவு கெடைக்கல, உடம்பு சரியில்லன்னு சொல்றாங்க, கொஞ்சம் பேசினா கடைசில விஷயம் பணத்துல தான் வந்து நிக்குது. உங்க பேரு இதுல எங்கயும் வராது.

முதல்ல தப்ப ஒத்துக்கறேன். அந்த அழைப்பிதழ எழுதினதுல நானும் ஒருத்தி. மேல பழைய மாணவர் சந்திப்புன்னு போட்டோம், அதுக்கு அடுத்த வரிலயே கேம்ப் ரிப்பேருக்கு இவ்ளோ சேக்கணும்னு டார்கெட், அதுக்கு கீழ குடுக்கற தொகைய பொறுத்து தங்கம் வெள்ளி வெண்கலம்னு மூணு படி, தங்கத்துல வர்றவங்களுக்கு சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்வரிசை டேபிள், போதாததுக்கு சுவத்துல பேரு. கமிட்டில யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல, எல்லா எடத்துலயும் இப்படித்தான பண்றாங்கன்னு அப்படியே எடுத்து போட்டுட்டோம். உங்க மெசேஜ் வந்த அன்னிக்கு ராத்திரி பைபிள்ல யாக்கோபு 2ஆம் அதிகாரம் எடுத்து படிச்சேன், பொன்மோதிரம் போட்டவன நல்ல எடத்துல உக்கார சொல்லிட்டு ஏழைய அங்க போய் நில்லுன்னு சொல்ற பகுதி. பொண்ணுங்க எல்லாரும் சேந்து தூங்கற டார்ம்ல, எங்க லீடரா எங்கள சுத்தி உக்கார வெச்சு நீங்க சொல்லிக்குடுத்ததே அது. அதையே நாங்க டேபிள் போட்டு செய்ய பாத்திருக்கோம். மன்னிச்சிடுங்க அக்கா.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். போன மாசம் பழைய ஸ்டோர் ரூம காலி பண்ணோம். உடைஞ்ச கட்டில், கம்பி போன பேட்மிண்டன் பேட் எல்லாத்துக்கும் அடில ஒரு நீள நோட்டு, அட்டை இல்ல, ஓரமெல்லாம் கரையான் தின்னிருக்கு. திறந்தா உங்க கையெழுத்து. பொண்ணுங்க டார்ம், வருஷம் வாரியா, கட்டில் நம்பர் வாரியா எழுதி வெச்சிருக்கீங்க. 3, ராத்திரி பயப்படும், கதவு பக்கம் வேண்டாம். 5, இன்ஹேலர் தலையணைக்கு அடில, பக்கத்து கட்டில் பொண்ணுகிட்டயும் சொல்லியாச்சு. 8, அம்மாவ பத்தி மத்தவங்க முன்னாடி கேக்க கூடாது. 11, படுக்கைய நனைக்கும், விடியறதுக்கு முன்னாடி எழுப்பி விரிப்ப மாத்தணும், யாருக்கும் தெரிய கூடாது.

அந்த 11 நான் தான் அக்கா. ஒம்போது வயசு எனக்கு. விடியக்காலைல யாரோ தோள மெதுவா தொட்டு எழுப்புவாங்க, டார்ச்ச கையால பாதி மூடி வெளிச்சம் தரையில மட்டும் விழற மாதிரி பிடிச்சிருப்பாங்க, நான் திரும்பி வர்றதுக்குள்ள விரிப்பு மாறியிருக்கும், அவ்ளோதான் ஞாபகம். மத்த பொண்ணுங்களுக்கு தெரியாம போனது ஏதோ தற்செயல்னு தான் இத்தன வருஷமா நெனச்சிட்டு இருந்தேன். அந்த ஸ்டோர் ரூம் தரையில உக்காந்து ரொம்ப நேரம் அழுதேன். நீங்க போய் வெறுங்கைன்னு சொல்றீங்க!

அதோட முடியல. அந்த நோட்டுல வருஷா வருஷம் ஒரே வரி வருது, "7ஆம் கட்டில் மேல ஒழுகுது, கட்டில தள்ளி போட்டாச்சு". ஒரு வருஷம் மட்டும் கூட ரெண்டு வரி சேத்து எழுதியிருக்கீங்க, தண்ணி 7க்கு மேல விழுது ஆனா ஓட்டை அங்க இல்ல, மூலைல கூரையும் சுவரும் சேர்ற எடத்துல உள்ள வந்து கூரை மரத்தோடவே ஓடி இங்க வந்து சொட்டுதுன்னு. இங்க தான் எனக்கு தூக்கிவாரிப் போட்டுது. ஏன்னா சமீபத்துல ரெண்டு தடவ ஆள் வெச்சு 7க்கு நேர் மேல ஒட்டு போட்டோம், ரெண்டு தடவயும் அடுத்த மழைக்கே ஒழுகிச்சு. இந்த பக்கத்த கூரை வேலை பாக்கறவர்கிட்ட காட்டினேன், ஏணி போட்டு ஏறி அந்த மூலைய பாத்தார், அங்க இருக்கற தகடு முழுக்க துரு. தண்ணி சொட்டற எடம் வேற, உள்ள நுழையற எடம் வேறயா இருக்கும், மரத்து சரிவு பிடிச்சு எங்கயோ போய் விழும், குடியிருந்து பாத்தவங்களுக்கு தான் தெரியும்னு சொன்னார். உங்களுக்கு தெரிஞ்சிருந்துச்சு. நாங்க யாரும் உங்கள கேக்கல.

கேம்ப் கணக்கு எப்படி ஓடுதுன்னு உங்களுக்கு புதுசா சொல்ல வேண்டியதில்ல, ஆனா படிக்கற மத்தவங்களுக்காக சொல்றேன். பிள்ளைங்க கட்டற ஃபீஸ் சாப்பாட்டுக்கும் அந்த சில வாரம் நடத்தறதுக்கும் தான் சரியா போகும், எந்த பிள்ளையும் பணத்தால வராம போயிட கூடாதுன்னு வேணும்னே கம்மியா வெச்சிருக்கறது அது, அதுல இருந்து கூரைக்கு மிஞ்சாது. மீதி மாசமெல்லாம் கட்டிடம் பூட்டியே கெடக்கும், ஆள் இல்லாத வீடு சீக்கிரம் கெடும்ல, ஈரம் ஏறும், எலி வயர கடிக்கும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்ளி வெச்ச சின்ன ரிப்பேர் ஒவ்வொண்ணும் பெருசாகி நிக்குது. குடுக்கறவங்களுக்கு புது ஹால் கட்ட ஆசை இருக்கும், கேம்ப் ஃபயர் மேடைக்கு தர ஆசை இருக்கும், செப்டிக் டேங்குக்கு தர்றேன்னு யாரும் வர மாட்டாங்க. மேடைக்குன்னு குடுத்தத எடுத்து கூரைக்கு போடவும் கூடாது, எதுக்கு குடுத்தாங்களோ அதுக்கு தான் செலவு பண்ணணும், அது நம்பிக்கை விஷயம். இதெல்லாம் சேந்து தான் எங்களுக்கு ஒரு பதட்டம், அந்த பதட்டத்துல எழுதினது தான் அந்த அழைப்பிதழ். காரணம் சொல்றேனே தவிர அது சரின்னு சொல்லல.

2 இராஜாக்கள் 12ல யோவாஸ் ராஜா காலத்துல இதே கத தான் நடக்குது. ஆலயத்த பழுது பாக்க பணம் வருது, ராஜாவோட 23ஆம் வருஷம் வரைக்கும் பழுது பாக்கவே இல்ல. அப்புறம் தான் யோய்தா ஆசாரியன் ஒரு பெட்டி எடுத்து மூடில துவாரம் போட்டு பலிபீடத்து பக்கத்துல வெக்கறார். உள்ள ஒண்ணா சேந்த அப்புறம் யார் எவ்ளோ குடுத்தாங்கன்னு பெட்டிய பாத்து தெரியாது. ஆனா எண்ணும்போது ராஜாவோட ஆளும் பிரதான ஆசாரியனும் ரெண்டு பேரா எண்றாங்க. குடுக்கறது மறைவா, எண்றது ஒருத்தர் கைல விடாம. கமிட்டில இத எடுத்து சொன்னேன், கொஞ்சம் வாக்குவாதம் ஆச்சு, கடைசில ஒத்துக்கிட்டாங்க. படி எல்லாம் எடுத்தாச்சு, முன்வரிசை டேபிள் இல்ல, யாரும் எழுந்து நின்னு இவ்ளோ தர்றேன்னு சொல்ற நேரமும் இல்ல. சாப்பாட்டு ஹால் வாசல்ல மூடின பெட்டி ஒண்ணு இருக்கும், ரெண்டு பேர் சேந்து எண்ணுவாங்க, என்ன வந்துச்சு எதுக்கு போச்சுன்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவ எல்லாருக்கும் கணக்கு வரும். பெட்டிய தாண்டி நடந்து போனாலும் யாரும் திரும்பி பாக்க மாட்டாங்க.

சனிக்கிழமை காலைய முழுசா வேலைக்குன்னு ஒதுக்கிட்டோம். நெகேமியா 3ஆம் அதிகாரம் வெறும் பேரு லிஸ்ட்டுன்னு நாம எப்பவும் தாண்டிடுவோம், இப்ப படிச்சு பாருங்க, பல பேர் அவங்கவங்க வீட்டுக்கு எதிர்ல இருக்கற மதில அவங்களே கட்டறாங்க. அது மாதிரி யார் எந்த டார்ம்ல இருந்தாங்களோ அந்த டார்ம் வாசல்ல வந்து நிக்கட்டும்னு சொல்லியிருக்கோம். எந்த ஜன்னல் மாட்டும், எந்த குழாய் கசியும், ராத்திரி எந்த எடத்துல பிள்ளைங்க பயப்படும்னு அங்க இருந்தவங்க சொல்லணும், அத எழுதி வெக்கணும், அதுக்கு அப்புறம் தான் எதுக்கு எவ்ளோ ஆகும்னு கணக்கு போடணும். நாங்க தலைகீழா பண்ணிட்டு இருந்தோம், முதல்ல டார்கெட், அப்புறம் வேலை.

இன்னொண்ணும் சொல்லிடறேன். 1880ல ஜார்ஜ் ஹிங்க்லின்னு ஒரு போதகர் தன் சபை பசங்க 7 பேர அமெரிக்காவுல ரோட் ஐலண்ட் மாநிலத்துல ஒரு தீவுக்கு கூட்டிட்டு போய் தங்க வெச்சார், சர்ச் கேம்ப்ங்கறதோட ஆரம்பம்னு அத தான் சொல்வாங்க. ஏழே பேர், அவங்கள பாத்துக்க ஒரு ஆள், அவ்ளோதான் அக்கா. ஹாலும் மேடையும் நாம பின்னாடி சேத்துக்கிட்டது. உங்க நோட்டுல இருக்கறது தான் கேம்ப்.

ஒரு சின்ன ஏற்பாடு மட்டும் கேட்டுக்கறேன், பழைய லீடரா இருந்தாலும் வர்ற எல்லாரும் முன்கூட்டியே பேர் பதியணும், பிள்ளைங்க இருக்கற எடத்துல யாரும் தனியா இருக்க கூடாதுன்னு ரூல், அது எல்லாருக்கும் ஒண்ணு தான். நீங்க தான் முதல்ல அந்த ரூல கொண்டு வரணும்னு சொன்னவங்க, அதனால தப்பா எடுத்துக்க மாட்டீங்க. ஃபார்ம்ல உங்க பேர நானே எழுதி வெச்சிருக்கேன், கையெழுத்து மட்டும் பாக்கி.

இந்த வருஷம் டார்ம் பாத்துக்க போற பொண்ணுங்க நாலு பேரும் அன்னிக்கு வர்றாங்க, காலேஜ் படிக்கற பிள்ளைங்க, ஆர்வமா இருக்காங்க ஆனா ராத்திரி ஒரு பிள்ளை அழுதா என்ன பண்ணணும்னு தெரியாது. நோட்ட அவங்ககிட்ட காட்டினேன். 11க்கு நேரா எழுதியிருந்தத படிச்சிட்டு ஒரு பொண்ணு, இவங்க எத்தன மணிக்கு எழுப்புவாங்க, அலாரம் வெச்சா மத்தவங்களுக்கும் கேக்குமேன்னு கேட்டா. எனக்கு பதில் தெரியல. நான் தூங்கிட்டு இருந்தேன்ல.

சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு 7ஆம் கட்டில் பக்கத்துல நிப்பேன். வந்து அவளுக்கு நீங்களே சொல்லுங்க அக்கா.

இப்படிக்கு,
11ஆம் கட்டில்