தம்பிக்கு, ஃப்ளூட் புத்தகம் பற்றி

மான்செஸ்டர்,
நவம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் இங்கே நலம். அம்மாவும் அப்பாவும் நீயும் நலம்தானே? குன்னூரில் மழை பிடித்துக்கொண்டிருக்கும். இங்கேயும் மழைதான், ஆனால் கொட்டி ஓய்வது கிடையாது. நாள் முழுக்கத் தூறும். மாலை நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள் என்பதால் ராத்திரியில் யாரும் வாத்தியத்தை எடுப்பதில்லை. செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கொயரில் வட்ட வடிவத்தில் பெரிய நூலகம் இருக்கிறது. அதற்குள்ளேயே ஹென்றி வாட்சன் இசை நூலகம். நொட்டேஷன், அதாவது இசைக் குறிப்பு அச்சிட்ட புத்தகங்களைக்கூட வீட்டுக்கு இரவல் தருகிறார்கள். வாங்கும் முன் புரட்டிப் பார்க்க முடிவது பெரிய வசதி.

ஃப்ளூட் கற்க எந்தப் புத்தகம் வாங்குவது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறாய், ஐந்து கோட்டில் (ஸ்டாஃப்) எழுதும் மேற்கத்திய நொட்டேஷன் தெரியும். அதனால் வேகமாகப் போகும் புத்தகம் போதும் என்று கடையில் சொல்வார்கள். அதைக் கேட்காதே. உன் கண் தயார், உதடு தயாராகவில்லை. பத்தாம் பக்கத்துப் பாட்டைக் கண் முதல் நாளே படித்துவிடும். உதடு அங்கே போய்ச் சேர ஆறு வாரம் ஆகலாம். புத்தகம் உதட்டின் வேகத்தில் நடக்க வேண்டும். நொட்டேஷன் பாடம் வரும் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போ. மூச்சு, உதடு, விரல் பற்றிய பக்கம் ஒன்றைக்கூடத் தள்ளாதே.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அது சொல்லித்தரும் முதல் மூன்று நோட் (ஸ்வரம்) எவை என்று பார். பி, ஏ, ஜி என்றால் சரி. வலது சுண்டுவிரலைத் தவிர இடது கை மட்டும் வேலை செய்யும், குழல் ஆடாமல் நிற்கும். எஃப், இ ஃப்ளாட் (இ-க்கு அரை ஸ்வரம் கீழே), டி என்று தொடங்கினால் அது பள்ளி பேண்டுக்கு எழுதியது. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் கூடவே வாசிக்க வேண்டுமே என்று அப்படி வைக்கிறார்கள். தனியாகக் கற்பவனுக்கு எட்டு விரலும் ஒரே நாளில் வேலைக்கு வந்து, குழல் உருண்டு, உதடு இடம் மாறிவிடும்.

அடுத்து, டி நோட் வரும் பக்கம். கீழ் ஸ்தாயியில் இ முதல் சி ஷார்ப் (சி-க்கு அரை ஸ்வரம் மேலே) வரை பிடிக்கும் விரல்களே நடு ஸ்தாயிக்கும் பொருந்தும். டி, இ ஃப்ளாட் இரண்டும் விதிவிலக்கு: நடு ஸ்தாயியில் இடது ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். தூக்காவிட்டாலும் சத்தம் வரும், ஆனால் அடைத்த குரல் மாதிரி இருக்கும். நோட் சரியாகக் கேட்பதால் நொட்டேஷன் தெரிந்தவர்கள் மாதக்கணக்கில் இதைக் கவனிப்பதில்லை. வலது சுண்டுவிரல் கீயும் இதே மாதிரி. கீழ் இரண்டு ஸ்தாயியிலும் பெரும்பாலும் அழுத்தியே இருக்கும். டி-க்கு மட்டும் எடுக்க வேண்டும். இந்த இரண்டையும் படத்தோடு தனியாகச் சொல்லாத புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடு.

பி ஃப்ளாட்டுக்குக் கட்டைவிரல் வழி ஒன்று, வலது ஆள்காட்டி விரல் வழி ஒன்று உண்டு. இரண்டையும் எப்போது எதை என்று சொல்லியிருக்க வேண்டும். எந்த நோட்டுக்கு எந்த விரல் என்று காட்டும் ஃபிங்கரிங் சார்ட் மூன்றாம் ஸ்தாயி சி வரை போகிறதா என்றும் பார். கீபோர்டு நொட்டேஷனில் மேலே போனால், ஒரு ஸ்தாயி மேலே வாசி என்று ஆக்டேவ் குறி போட்டுவிடுவார்கள். ஃப்ளூட்டில் ஸ்டாஃபுக்கு மேலே சின்னத் துணைக்கோடுகளாகவே அடுக்குவார்கள். அந்த சி ஐந்தாவது துணைக்கோட்டுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும். உன் கண்ணுக்குப் புது வேலை அது ஒன்றுதான்.

மூச்சுக் குறி, ஸ்டாஃபுக்கு மேலே கமா மாதிரி இருக்கும். தொடக்கப் பாட்டுகளில் இரண்டு அல்லது நான்கு பாருக்கு (செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாளப் பகுதி) ஒன்று இருக்க வேண்டும். கீபோர்டுக்காரர்கள் கண்டுகொள்ளாமல் தாண்டும் குறி இதுதான்.

நோட்டை நாக்கால் தொடங்கும் விஷயத்தில் எந்த ஆங்கிலப் புத்தகமும் நமக்குச் சரியாகச் சொல்லாது. அவர்கள் எழுத்தைப் படித்து நாம் 'டூ' என்போம். நாக்கு மடங்கி அண்ணத்தில் இடிக்கும், நோட் கனத்துத் தொடங்கும். நீ 'து' என்று சொல். துணி, துளசி என்னும்போது நாக்கு நுனி மேற்பல்லின் பின்னால் படுகிறதே, அங்கேதான்.

இங்கே ராயல் நார்தர்ன் இசைக் கல்லூரியில் கற்பித்த ட்ரெவர் வை எழுதிய தொடக்கப் புத்தகம் இரண்டு பாகமாக வருகிறது. இருவர் சேர்ந்து வாசிக்கும் பாட்டுகள் நிறைய. இரண்டாவது வரியை நீயே கீபோர்டில் பதிவு செய்துகொள்ளலாம். முதல் பாகம் போதும், அதை அனுப்புகிறேன். பிரெஞ்சு ஃப்ளூட் கலைஞர் மார்செல் மொய்ஸின் 1934-ஆம் ஆண்டுப் புத்தகத்தை யாராவது சொன்னால் இப்போது வேண்டாம். பி-யில் தொடங்கி அரை ஸ்வரமாக இறங்கும் அந்த நீண்ட நோட் பயிற்சி உயர்ந்தது. ஒரு நோட்டைப் பத்து விநாடி ஆடாமல் பிடிக்க வந்த பிறகு எடு.

புத்தகம் வரும்வரை ஃப்ளூட்டைக் கழற்றி, ஊதும் துவாரம் உள்ள தலைப்பாகத்தை மட்டும் ஊது. திறந்த முனையை உள்ளங்கையால் மூடினால், கீபோர்டின் நடு சி-க்கு மேலே உள்ள ஏ-யை ஒட்டி வரும். திறந்தால் அடுத்த ஏ. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் மூச்சை வீணாக்குகிறாய் என்று அர்த்தம். உதட்டுத் துவாரத்தைச் சுருக்கு.

காலைக் குளிரில் சுருதி இறங்கியிருக்கும். மலை உயரத்தால் இல்லை, குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போவதால். ஒரு டிகிரிக்கு அரை ஸ்வரத்தில் நூறில் மூன்று பங்கு. எல்லா கீயையும் மூடி, ஊதும் துவாரத்தை வாயால் பொத்தி, சத்தமில்லாமல் சூடான மூச்சை ஊதிய பிறகு கீபோர்டோடு சேர். முடித்ததும் துடைக்கும் கம்பியில் பருத்தித் துணி சுற்றி உள்ளே துடை. ஈரத் துணியைப் பெட்டிக்குள் வைக்காதே. குன்னூர் ஈரத்தில், கீயின் அடியில் துவாரத்தை மூடும் பேட் ஊதிப்போய்க் காற்று கசியும். கம்பியின் முனையில் ஒரு கோடு இருக்கும். தலைப்பாகத்துக்குள் விட்டால் அது ஊதும் துவாரத்தின் நடுவில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உள்ளே முனையை அடைக்கும் கார்க் நகர்ந்திருக்கிறது. அதைப் பார்த்து எழுது.

அன்புடன்,
அக்கா